ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

அழகியமண்டபத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்து 31 வருடம் ஆகிறது. வழக்கமாக எனக்கு வருகிற கடிதங்கள் கிளட்ச் கருகுகிற வாடை, ரேடியேட்டர் கசிவு, மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்று இருக்கும். போன இதழில் 'வீட்டுக்கு மின்சாரக் கார் வாங்கி இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான். இந்த மாதத் தபால் முழுக்க மின்சாரக் கார். பாதி சந்தேகம், பாதி சண்டை.

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் காரில் வேலைக்குப் போகிறேன். போக வர 35 கிலோமீட்டர். பெட்ரோலுக்கே சம்பளம் கரைகிறது. மின்சாரக் கார் வாங்கலாம் என்றால், 'கரண்ட் பில் வந்த பிறகு அழக்கூடாது' என்கிறார் கணவர். யார் சொல்வது சரி, அண்ணாச்சி?
– பள்ளி ஆசிரியை, தக்கலை

டீச்சர், கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயத்தின் அளவு கொஞ்சம் அதிகம். பேப்பரில் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பள்ளிக்கூடம், கல்யாண வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து மாதம் 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மின்சாரக் கார் நம் சாலைகளில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதத்துக்கு 143 யூனிட். நமக்கு மீட்டர் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆக, 285 யூனிட் கூடும். இப்போது உங்கள் வீட்டில் 260 யூனிட் ஓடுகிறது என்றால் அது 545 ஆகிவிடும். இங்கேதான் கணவரின் நியாயம் இருக்கிறது. 500ஐத் தாண்டிவிட்டால் கட்டணத்தின் படிக்கட்டே மாறுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் அப்படியே இருக்கும்; அடுத்த 100 யூனிட்டுக்குக் கிடைத்துவந்த மலிவு விலை போய்விடும்; உச்சிப் படியில் ஒரு யூனிட் 8 ரூபாய்க்கு மேல். நான் கணக்குப் போட்டதில் இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 2,000 ரூபாய் கூடுகிறது.

அதே 2,000 கிலோமீட்டருக்கு உங்கள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் 125 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 12,500. கரண்ட் பில்லைக் கழித்தபின் இரண்டு மாதத்தில் 10,000 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 60,000.

இதைக் கேட்டு உடனே ஷோரூமுக்கு ஓடிவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்றாலும், அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் மூன்று நான்கு லட்சம் கூடுதலாகத்தான் வருகிறது. அதை மிச்சத்தில் ஈடுகட்ட ஐந்து ஆறு வருடம் ஆகும். கடனில் வாங்கினால் வட்டி வேறு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் வண்டியின் விலை அதிகம் என்பதால் மற்றப் பாதி, அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியம், அந்தத் தள்ளுபடியை விழுங்கிவிடும். வண்டி கனம், இழுவையும் உடனடி. அதனால் டயர் சீக்கிரம் தேயும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிற உங்களுக்கு இத்தனைக்குப் பிறகும் லாபம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை வெளியே எடுப்பவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? கடிதத்தில் 'போர்ட்டிகோ' என்று ஓரிடத்தில் வருகிறது. அப்படியானால் கணவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை இங்கே வாருங்கள், என் வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும்.

வடசேரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கார் தெருவில்தான் நிற்கும். மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். சார்ஜ் செய்ய நல்ல வழி சொல்லுங்கள்.
– துணிக்கடை மேலாளர், நாகர்கோவில்

நல்ல வழி, முன்பணத்தைத் திரும்பக் கேட்பது.

கோபப்படாதீர்கள் தம்பி. பெட்ரோல் கார் எங்கே வேண்டுமானாலும் தூங்கும், ஐந்து நிமிடத்தில் எந்தப் பங்கிலும் குடித்துவிடும். மின்சாரக் கார் தூங்கும்போதுதான் குடிக்கும். தூங்குகிற இடத்தில் தண்ணீர் இல்லையென்றால் அந்த மாட்டை வைத்து என்ன செய்வீர்கள்?

என் பக்கத்துத் தெருவில் ஒருவர் மாடி ஜன்னலிலிருந்து ஒயர் இழுத்து, மாமரக் கிளையில் சுற்றி, மதில் மேல் போட்டுக் கீழே நின்ற காருக்குக் கொடுத்தார். வண்டியோடு வரும் சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்கில் ஏறக்குறைய 14 ஆம்பியர் இழுக்கும். கீசரும் இழுக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் எட்டுப் பத்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் வீட்டுக்காரம்மா பிளாஸ்டிக் கருகும் வாடையில் எழுந்தார். பிளக் பாயிண்ட் சுவரோடு உருகி ஒட்டியிருந்தது. மரம் பிழைத்தது அதிர்ஷ்டம்.

'பொதுச் சார்ஜரில் போட்டுக்கொள்கிறேன்' என்பீர்கள். அங்கே வீட்டு விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். டீச்சருக்குப் போட்ட கணக்கில் மிச்சத்தில் ஒரு பெரிய துண்டு போய்விடும். போதாததற்கு வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கே காத்துக் கிடக்க வேண்டும். வீட்டிலேயே காரைச் சார்ஜ் செய்யலாம் என்று 2018இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது. சட்டம் உங்கள் பக்கம், வீட்டு உரிமையாளர் உங்கள் பக்கம் இல்லை. மின்சாரக் கார் இப்போதைக்குப் போர்ட்டிகோ உள்ளவர்களின் வண்டி. இந்த விஷயத்தில் யார் விளம்பரத்தையும் நம்பாதீர்கள்.

கீழ்வீட்டுக்காரர் காலி செய்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் வீடு. வண்டி எடுத்த அன்றே சார்ஜ் ஏறவில்லை. சார்ஜரில் சிவப்பு விளக்கு. கம்பெனிக்காரர் உங்கள் வயரிங் சரியில்லை என்கிறார். எலக்ட்ரீஷியன் கார் சரியில்லை என்கிறார். நான் நடுவில் நிற்கிறேன்.
– ரப்பர் விவசாயி, குலசேகரம்

கம்பெனிக்காரர் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வாக்கியத்தை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் எர்த் சரியில்லை. ஃபேன், ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாம் எர்த் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஓடும். கார் சார்ஜர் அப்படி இல்லை. எர்த் கம்பியைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் காருக்கு மின்சாரத்தை விடும். நம் மலையோரத்தில் மேலே ஓரடி மண், கீழே பாறை. வீடு கட்டியபோது கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழி பங்குனி வெயிலில் காய்ந்து சுக்காகிவிட்டிருக்கும். எர்த் குழியைத் தேடிக் கண்டுபிடியுங்கள் (நாய்க்கூடு அதன் மேல் இருக்கலாம், என் வீட்டில் இருந்தது). நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி சார்ஜ் போட்டுப் பாருங்கள். விளக்கு பச்சையானால் நோய் அதுதான். மருந்து, ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்துப் புதிய எர்த் குழி. கிணற்றடிப் பக்கம், வாழைக்குத் தண்ணீர் போகிற பக்கம் நல்லது. கூடவே மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்று தனி லைன்: 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), தனி ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்).

இப்போது எச்சரிக்கை. சில எலக்ட்ரீஷியன்கள் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுவார்கள். சிவப்பு உடனே பச்சையாகும். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். என்றைக்காவது காற்றில் ரப்பர் கிளை விழுந்து நியூட்ரல் அறுந்தால், காரின் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். மழையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கப் போகிறவர் நீங்களோ உங்கள் பேரப்பிள்ளையோ. அப்படி யாராவது செய்து தந்தால் அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் தூங்கிய பிறகு, 11 மணிக்கு மேல் சார்ஜ் ஆரம்பிக்கும்படி காரிலேயே நேரம் வைத்துவிடலாம்.

கடிதத்தின் கடைசி வரியில் 'ஒக்கி மாதிரி இன்னொன்று வந்தால்?' என்று கேட்டிருக்கிறீர்கள். 2017 நவம்பர் 30 அன்று அடித்த அந்தப் புயல் யாருக்கு மறக்கும். உங்கள் பக்கமெல்லாம் ரப்பர் மரங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு வாரத்தில் மின்சாரக் கார் நிற்கத்தான் செய்யும். ஆனால் இதையும் பாருங்கள். இப்போது வருகிற சில மாடல்களில் காரிலிருந்தே வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம். முக்கால்வாசி நிறைந்த 40 யூனிட் பேட்டரியில் 30 யூனிட் இருக்கும். நாலு விளக்கு, இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ், செல்போன் என்று நாளுக்கு 5 யூனிட் செலவழித்தால் ஆறு நாள் வரும். அன்றைக்கு என்னிடம் டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. அதை வைத்து ஒரு மெழுகுவர்த்தி அளவுக்குக்கூட வீட்டில் வெளிச்சம் வரவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாகக் காரை முழுசாகச் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

குளச்சலில் கடலுக்கு இருநூறு மீட்டரில் வீடு. உப்புக்காற்றில் பேட்டரி என்ன ஆகும்?
– ஐஸ் வியாபாரி, குளச்சல்

பேட்டரிப் பெட்டியை நன்றாக மூடித்தான் வைத்திருக்கிறார்கள். ஐபி 67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகக்கூடாது என்று அர்த்தம். உப்பு தின்னுவது பேட்டரியை அல்ல. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை, அடித்தகட்டை, சார்ஜ் போடும் வாயின் பித்தளை முனைகளை. மூடியை எப்போதும் மூடிவையுங்கள், அந்த வாய்க்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். அடியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உங்கள் ஐஸ் வண்டிக்குச் செய்வதுதானே.

சத்தமே இல்லாமல் வருகிறது இந்தக் கார். என் கோழி இரண்டு போய்விட்டது.
– பெயர் இல்லாத தபால் அட்டை, கருங்கல்

ஓட்டினவர் யாரென்று எழுதியிருந்தால் கோழி விலையையாவது வாங்கித் தந்திருப்பேன். உண்மையில் இது கோழிக்கு மட்டும் இல்லை. சைக்கிள்காரர், காது மந்தமான பெரியவர் எல்லோருக்கும் ஆபத்து. சந்துக்குள் நுழையும்போது ஹாரன் அடியுங்கள்.

சென்னைக்கு மின்சாரக் காரில் போய் வரலாமா? 450 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே.
– வங்கி ஊழியர், மார்த்தாண்டம்

விளம்பரத்தில் போட்டிருப்பது பரிசோதனைக் கூடத்தில் ஓடியது. அங்கே ஆரல்வாய்மொழிக் காற்று கிடையாது.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. போன ஆடி மாதம் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 80 கிலோமீட்டர் போனேன். பேட்டரியில் 24 சதவீதம் செலவானது. சாயங்காலம் அதே சாலை, அதே வேகம், அதே ஆட்கள். திரும்பி வர 33. கணவாயில் மேற்கிலிருந்து வருகிற காற்று போகும்போது முதுகில் தள்ளியது, வரும்போது நெஞ்சில் கைவைத்துத் தடுத்தது. முப்பந்தலில் காற்றாலைகளை எதற்காக நட்டார்களோ, அதே காற்று. பெட்ரோல் காரிலும் இது நடக்கும். நாம் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது சதவீதம் காட்டி மிரட்டுவதில்லை.

சென்னை 700 கிலோமீட்டர். நான் ஒருமுறை போனேன். 450 என்று எழுதிய வண்டி நெடுஞ்சாலையில் 300க்குப் பக்கம் கொடுக்கும். அதிலும் 10 சதவீதத்துக்குக் கீழே இறக்க மனம் வராது. 80க்கு மேலே வேகச் சார்ஜரும் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். ஆக, கையில் இருப்பது நடுவிலுள்ள 70 சதவீதம். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினேன். இரண்டு இடத்தில் ஐம்பது நிமிடம் வீதம், சாப்பாட்டு நேரத்தோடு கழிந்தது. மூன்றாவது இடத்தில் இரண்டு சார்ஜரில் ஒன்று செத்துக் கிடந்தது, மற்றதில் ஒரு குடும்பம் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவர்களை எழுப்ப மனமில்லாமல் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். என் மனைவி அதற்குப் பிறகு சென்னைக்கு ரயில்தான் என்று சொல்லிவிட்டாள்.

போகலாம். போகும் வழியில் எந்தச் சார்ஜர் உயிரோடு இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 30 கிலோமீட்டருக்குள் மாற்று ஒன்றைக் குறித்துவையுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள். அவசரத்துக்கு, சாவு வீட்டுக்கு, விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் இந்த வண்டியை எடுக்காதீர்கள்.

புகை இங்கே இல்லை, தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் இருக்கிறது. இடம் மாறியதைத் தவிர வேறென்ன லாபம்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

சண்டைக்கு வந்த கடிதங்களில் இதுதான் தரமானது. பெட்ரோல் என்ஜின் தான் குடிக்கிற எண்ணெயில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மிச்சம் சூடாக வெளியே போகிறது. 31 வருடம் அந்தச் சூட்டில் வெந்தவன் சொல்கிறேன். மின்சாரக் கார் பிளக்கில் வாங்குவதில் 80 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆனால் அந்த மின்சாரத்தை நிலக்கரியில் எடுக்கும்போது அங்கேயே மூன்றில் இரண்டு பங்கு சூடாகப் போய்விடுகிறது. முழுக்க நிலக்கரி என்றால் லாபம் சொற்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரிதான். நம்மைச் சுற்றிக் கோதையாற்று நீர்மின்சாரம், முப்பந்தல் காற்றாலை, பக்கத்து மாவட்டத்தில் கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு எல்லாம் இருக்கின்றன. நிலக்கரியின் பங்கு குறையக் குறைய நான் இன்று வாங்கிய காரே தானாகச் சுத்தமாகும். பெட்ரோல் கார் பழசாகப் பழசாக அழுக்காகும்.

நீங்கள் கேட்க மறந்த இன்னொரு கேள்வி இருக்கிறது. அது நம் காலடியில் கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் ஒரு ஜெர்மானியர் கண்டுபிடித்தார். இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து! அந்த மோனசைட்டில் தோரியத்தோடு நியோடிமியமும் இருக்கிறது. மின்சாரக் கார் மோட்டாரின் வலுவான காந்தங்களுக்கு வேண்டிய உலோகம் அது. 2025இல் சீனா இத்தகைய காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் நாட்டுக் கார் கம்பெனிகள் திண்டாடின. இனி நம் கடற்கரை மணலின் மேல் எல்லோருக்கும் கண் இருக்கும். கிள்ளியூர்ப் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர்கள் மணல் எடுப்பதை எதற்காக எதிர்க்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். புகை மட்டும்தான் இடம் மாறும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு 52 வயது. குழித்துறையில் சின்ன ஒர்க்‌ஷாப். மகன் இந்தத் தொழில் வேண்டாம் என்று வளைகுடாவுக்குப் போய்விட்டான். உண்மையைச் சொல்லுங்கள் அண்ணாச்சி, நமக்கு இனி வேலை உண்டா?
– தொழில் தோழர், குழித்துறை

கடைசி வரை இந்தக் கடிதத்தைத் தள்ளித் தள்ளி வைத்தேன்.

என் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தேன். என்ஜின் ஆயில் மாற்றுவது, ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச், டைமிங் பெல்ட், சைலன்சர். வருமானத்தில் பாதிக்கு மேல் இவைதான். மின்சாரக் காரில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. பிரேக் கட்டைகூடத் தேய்வது குறைவு. காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தி அந்த விசையைப் பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. மிச்சம் இருப்பது டயர், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், ஏ.சி., பாடி வேலை. அப்புறம் நம் பழைய சிநேகிதன் 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால் பத்து லட்ச ரூபாய் மின்சாரக் காரின் கதவுகூட ரிமோட்டுக்குத் திறக்காது. அந்த அழைப்பு எனக்கு வாரம் ஒன்று வருகிறது.

2000ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபோதும் இப்படித்தான் பேசினோம். மறுபடி 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோதும். இரண்டு தடவையும் வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் வாங்கினவன் பிழைத்தான். இந்தத் தடவை ஒரு வித்தியாசம் உண்டு, மறைக்கமாட்டேன். ஆரஞ்சு நிறக் கம்பியில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. முறையான பயிற்சியும் உயர் அழுத்தக் கையுறையும் இல்லாமல் அதைத் தொட்டால், தவறைத் திருத்திக்கொள்ள நாம் இருக்கமாட்டோம். மென்பொருளைக் கம்பெனி வெளியே தருவதும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் சின்ன சென்சாரை நானே மாற்றினேன். வண்டி அதை ஏற்றுக்கொள்ள ஷோரூம் கணினிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. வேலை என்னுடையது, பில் அவர்களுடையது. இதற்கு நாம் சங்கமாகச் சேர்ந்துதான் பேச வேண்டும்.

உங்கள் வயதுக்குச் சொல்கிறேன்: இப்போது ஓடுகிற பெட்ரோல், டீசல் வண்டிகளே உங்களுக்குப் பத்துப் பதினைந்து வருடம் சோறு போடும். புதிதாக என்ஜின் வேலைக்கு முதல் போடாதீர்கள். வீல் அலைன்மென்ட்டும் ஏ.சி. வேலையும் பிடித்துக்கொள்ளுங்கள். பையன் ஊருக்கு வரும்போது என்னிடம் ஒருநாள் அனுப்பிவையுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பழைய மாருதி 800இல் பார்த்தேனே! ஊருக்கு உபதேசமா?
– விழிப்பான வாசகர், அழகியமண்டபம்

பார்த்துவிட்டீர்களா. 1994 வண்டி, நான் ஒர்க்‌ஷாப் தொடங்கிய வருடத்தில் கைக்கு வந்தது. விற்க மனம் இல்லை. ஞாயிறுதோறும் சந்தை வரைக்கும் ஒரு ஓட்டம். போர்ட்டிகோவை மின்சாரக் கார் எடுத்துக்கொண்டதால் அது இப்போது அயனி மரத்தடியில் நிற்கிறது. சீசனில் பழம் விழுந்து கூரையில் இரண்டு பள்ளம். அடுத்த வாரம் தட்டி எடுக்க வேண்டும்.